வராத ஓசைக்குக் காத்திருக்கும் மூளை

பிள்ளைகள் படிப்புக்காகவோ வேலைக்காகவோ திருமணமாகியோ வீட்டைவிட்டுச் சென்ற பிறகு, பெற்றோர் பெரும்பாலும் முதலில் சொல்வது "வீடே வெறிச்சென்று இருக்கிறது" என்பதுதான். கேட்பவர்களும் அதை மனச்சோர்வின் வெளிப்பாடாக மட்டும் எடுத்துக்கொண்டு, "போகப் போகச் சரியாகிவிடும்" என்று ஆறுதல் கூறி முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த வெறுமைக்குள் கருவிகொண்டு அளக்கத்தக்க ஒலி மாற்றமும், மூளை எதிர்பார்ப்புகளைக் கையாளும் முறையும், உடலின் அன்றாட ஒழுங்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவை எல்லாம் ஒரே வேகத்தில் சரியாவதில்லை. சில நாள்களில் பழகிவிடும் பகுதியும் உண்டு. ஓராண்டு கழிந்த பின்னும் திடீரெனத் தலைகாட்டும் பகுதியும் உண்டு.

முதலில் ஒலியைப் பார்ப்போம். இருவர் அருகருகே அமர்ந்து இயல்பாகப் பேசும்போது அவர்களது குரல் ஏறத்தாழ 60 டெசிபல் அளவில் இருக்கும். இரவில் ஆளரவம் அடங்கிய ஓர் அறை ஏறத்தாழ 30 டெசிபலில் இருக்கும். டெசிபல் என்பது மடக்கை அளவு என்பதால், 10 டெசிபல் குறைந்தாலே ஒலியின் செறிவு பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. நம் செவியோ அதை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாக உணர்கிறது. அப்படியானால் 60இலிருந்து 30க்கு இறங்கும் வீட்டில் ஒலியின் செறிவு ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. அவ்வளவு காலமும் பேச்சுக்கும் சண்டைக்கும் சிரிப்புக்கும் அடியில் மறைந்திருந்த சிற்றொலிகள் இப்போது மேலே வருகின்றன. குளிர்பதனப் பெட்டியின் முனகலும், கடிகாரத்தின் முள் நகர்வதும், குழாயில் நீர் சொட்டுவதும் நேற்றும் இருந்தவைதாம். வலுவான ஒலி அருகில் இருக்கும்போது மெல்லிய ஒலியைச் செவியால் பிரித்தறிய முடியாது என்பதால் அவை கேட்காமல் இருந்தன.

அறைகளின் ஒலிப்பண்பும் மாறிவிடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த வாலஸ் சபைன், பேச்சே புரியாத அளவுக்கு எதிர்முழக்கம் மிகுந்திருந்த ஒரு விரிவுரை அரங்கைச் சீர்செய்யும் பணியை 1895இல் ஏற்றார். இரவு நேரங்களில் அந்த அரங்குக்குள் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, அந்த ஒலி முற்றிலும் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவர் அளந்தார். ஓர் அறையில் ஒலி நின்று முழங்கும் நேரம் அதன் கன அளவுக்கு நேர்விகிதத்திலும், அதற்குள் இருக்கும் பொருள்களும் பரப்புகளும் ஒலியை உறிஞ்சும் திறனுக்கு எதிர்விகிதத்திலும் அமைகிறது என்பதை அந்த அளவீடுகள் காட்டின. மெத்தை, திரைச்சீலை, துணிமணிகள் ஆகியவற்றோடு மனித உடலும் அந்த உறிஞ்சும் பொருள்களில் ஒன்றுதான். பிள்ளையின் அறையிலிருந்து படுக்கையும் புத்தகங்களும் உடைகளும் வெளியேறியதும் அங்கே நம் காலடி ஓசையே சற்று நீண்டு ஒலிக்கிறது. கீழே விழுந்த கரண்டியின் சத்தம் சுவருக்குச் சுவர் மோதித் தாமதமாக அடங்குகிறது. "அறை வெறுமையாக ஒலிக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அது இயற்பியல்படி சரியான கூற்று.

இந்த மாற்றத்துக்குச் செவி அமைப்பு ஓரளவு விரைவாகவே பழகிக்கொள்கிறது. சுற்றுப்புறம் நீண்ட நேரம் அமைதியாக இருந்தால், செவியிலிருந்து வரும் சமிக்ஞைகளை மூளை கூடுதலாகப் பெருக்கத் தொடங்குகிறது. இயல்பான செவித்திறன் உடையவர்களுக்குத் தொடர்ந்து பல நாள் செவியடைப்பான் அணிவித்து நடத்தி 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அடைப்பானைக் கழற்றிய பிறகு அவர்களுக்கு வழக்கமான ஒலிகளே முன்பைவிட உரக்கக் கேட்டன; மெல்லிய இரைச்சலைத் தொடர்ந்து கேட்கவைக்கப்பட்டவர்களுக்கு இதற்கு நேர்மாறாக நிகழ்ந்தது. இதற்கும் முன்பே, 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்னும் இரு ஆய்வாளர்கள், செவியில் எக்குறையும் இல்லாத 80 பேரை ஒலிபுகா அறைக்குள் அமரவைத்து, என்ன கேட்கிறது என்று குறிக்கச் சொன்னார்கள். அவர்களில் 94 விழுக்காட்டினர் ரீங்காரம், இரைச்சல், முணுமுணுப்பு என ஏதேனும் ஓர் ஒலியைக் குறித்தனர். வெளியிலிருந்து எதுவும் வராதபோது, நரம்பு மண்டலம் தன் சொந்தச் செயல்பாட்டையே ஒலியாகக் கேட்கிறது. பிள்ளைகள் சென்ற முதல் வாரங்களில் காதுக்குள் ஏதோ ரீங்கரிப்பதாகப் பெற்றோர் உணர்ந்தால் உடனே அஞ்ச வேண்டியதில்லை. அது நீடித்தாலோ கேட்கும் திறன் குறைந்தாலோ மருத்துவரிடம் காட்டலாம்.

ஆனால் செவி பழகிய பின்னும் வெறுமை போவதில்லை. மனிதர்களை உண்மையில் வாட்டும் பகுதி இங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. மூளை உலகைக் கேட்டுவிட்டுப் பிறகு புரிந்துகொள்வதில்லை. அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே கணித்து, வந்ததை அந்தக் கணிப்போடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டையே முதன்மையான செய்தியாக எடுத்துக்கொள்கிறது. திரும்பத் திரும்ப வரும் ஓர் ஒலிக்கு நாம் எதிர்வினையாற்றாமல் போவதற்குக் காரணம் சோர்வு அன்று, அந்த ஒலியின் மாதிரி ஒன்றை மூளை உருவாக்கி வைத்திருப்பதே என்று சோவியத் உடலியலாளர் யெவ்கெனி சோகலோவ் விளக்கினார். ஒரே சீராக வந்துகொண்டிருந்த ஒலிவரிசையில் ஓர் ஒலி வராமல் போனாலும் கவனம் சட்டெனத் திரும்புவது அவருக்கு முக்கியமான சான்றாக இருந்தது. பின்லாந்தின் ரிஸ்டோ நாட்டானென் 1978இல் தம் சகாக்களோடு சேர்ந்து மூளையின் மின்னலைகளில் இதன் தடத்தைக் காட்டினார்: சீரான ஒலிகளுக்கு நடுவே மாறுபட்ட ஓர் ஒலி வந்தால், கேட்பவரின் கவனம் வேறெங்கோ இருந்தாலும், நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் மூளை அதைக் குறித்துக்கொள்கிறது. விரைவாக அடுத்தடுத்து வரும் ஒலிகளில் ஒன்றை விட்டுவிட்டாலும் இத்தகைய அலை எழுகிறது. ஒலியே இல்லாத இடத்தில் ஒரு நரம்பு எதிர்வினை உண்டாகிறது என்பதுதான் இதில் வியப்பானது.

இருட்டில் மாடிப்படி இறங்குகையில் இன்னும் ஒரு படி இருப்பதாக எண்ணிக் கால் வைக்கும்போது ஏற்படும் திடுக்கிடலை எல்லோரும் அறிவோம். அங்கே தடுக்கியது எதுவும் இல்லை, எதிர்பார்த்த பள்ளம் இல்லாததே தடுக்கியது. பதினெட்டு, இருபது ஆண்டுகளாக மாலை ஐந்து மணிக்குக் கதவு திறக்கும் ஓசையையும், பை தரையில் விழும் ஓசையையும், "அம்மா" என்ற அழைப்பையும் கேட்டுப் பழகிய ஒருவரின் மூளை, அந்த நேரம் நெருங்கும்போது அவற்றைக் கணித்துக்கொண்டே இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் நொடியின் பின்னங்களில் அளக்கப்படும் நிகழ்வும், ஒரு நாளின் நீளத்துக்குப் பரவும் எதிர்பார்ப்பும் ஒரே நரம்புச் சுற்றில் நடப்பவை அல்ல. பின்னதில் நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் உள்ளிட்ட பல பகுதிகளுக்குப் பங்கு உண்டு. ஆயினும் கணித்தல், ஒப்பிடுதல், பிழையை உணர்தல் என்னும் கொள்கை இரண்டுக்கும் பொருந்துகிறது. ஆளில்லாத காட்டில் இனிமையாகத் தோன்றும் அமைதி, அதே டெசிபல் அளவில் நம் வீட்டுக் கூடத்தில் கனமாகத் தோன்றுவதன் காரணம் இதுவே. காட்டில் எவருடைய குரலையும் நாம் எதிர்பார்த்திருக்கவில்லை.

எதிர்பார்த்தது இனிமையானதாக இருந்தால் பிழையின் நிறமும் மாறுகிறது. நரம்பியலாளர் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளில் செய்த சோதனைகள் இதற்கு நல்ல விளக்கம் தருகின்றன. ஒரு குறிப்பு காட்டப்பட்டதும் பழச்சாறு கிடைக்கும் என்று கற்ற குரங்குக்கு, ஒருமுறை குறிப்பு மட்டும் காட்டப்பட்டுச் சாறு தரப்படாதபோது, சாறு வந்திருக்க வேண்டிய அதே நேரத்தில் டோபமின் என்னும் மூளை வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களின் செயல்பாடு வழக்கமான நிலைக்கும் கீழே இறங்கியது. 1997இல் வெளியான இந்த விளக்கத்தின்படி, டோபமின் இன்பத்தை மட்டும் குறிப்பதில்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் குறிக்கிறது. பிள்ளைப் பாசத்தைப் பழச்சாற்றோடு வைத்து எண்ணக் கூடாதுதான். இருந்தாலும் பெற்றோரின் துயரம் நாள் முழுவதும் ஒரே அளவில் பரவியிருக்காமல், பள்ளி விடும் நேரம், இரவுச் சாப்பாட்டு நேரம் என்று குறிப்பிட்ட வேளைகளில் குவிந்து வருவதைப் புரிந்துகொள்ள இது உதவுகிறது.

அப்படியானால் பழகிக்கொள்வது என்றால் என்ன? மூளை பழைய எதிர்பார்ப்பை அழித்துவிடுகிறது என்று பொதுவாக நினைக்கிறோம். ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. மணியோசைக்குப் பின் உணவு வராமல் போகப் போக நாயின் உமிழ்நீர் சுரப்பு மங்கி மறைவதைக் கண்ட இவான் பாவ்லோவ், சிறிது காலம் இடைவெளி விட்டு மணியை மீண்டும் ஒலித்தால் அது தானாகத் திரும்பி வருவதையும் கண்டார். பழைய பாடம் அப்படியே இருக்கிறது. "இப்போது வராது" என்னும் புதிய பாடம் அதன் மேல் படிந்து அதை அடக்கி வைத்திருக்கிறது. புதிய பாடம் அது கற்கப்பட்ட சூழலோடும் நேரத்தோடும் இறுகப் பிணைந்திருப்பதால், சூழல் சற்று மாறினாலும் பழையது மேலெழுகிறது. சாதாரண நாள்களில் நன்றாகவே பழகிவிட்ட ஒரு தாய், கல்வியாண்டு தொடங்கும் வாரத்திலோ, பிள்ளைக்குப் பிடித்த பாட்டு எங்கோ ஒலிக்கும்போதோ மீண்டும் முதல் நாள் போலக் கலங்கினால், அவர் பின்னோக்கிச் செல்கிறார் என்று பொருள் அன்று. அந்தச் சூழலில் புதிய பாடம் இன்னும் கற்கப்படவில்லை, அவ்வளவே.

உறக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. உறங்கும்போது செவி அடைபடுவதில்லை. வரும் ஒலிகளில் எது முக்கியம் என்பதை மூளை தொடர்ந்து சலித்துக்கொண்டிருக்கிறது. 1960இல் உறக்க ஆய்வாளர் ஆஸ்வால்டும் அவருடைய சகாக்களும் உறங்குவோரிடம் பல பெயர்களை ஒலிக்கச்செய்தபோது, மற்றப் பெயர்களைவிடத் தம் சொந்தப் பெயருக்கு அவர்களின் மூளை அலைகள் வலுவாக எதிர்வினை புரிந்தன. பிள்ளைகளுக்காக ஆண்டுக்கணக்கில் ஒரு காதைத் திறந்து வைத்து உறங்கிய பெற்றோர், காக்க வேண்டிய ஆள் வீட்டில் இல்லாதபோதும் அந்தக் காவலை ஒரே இரவில் கைவிடுவதில்லை. சென்ற பிள்ளைக்கும் இதன் மறுபக்கம் இருக்கிறது: புதிய இடத்தில் முதல் இரவு உறங்குபவரின் மூளையில் இடது அரைக்கோளம் வலது அரைக்கோளத்தைவிட விழிப்பாக இருப்பதை 2016இல் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இனி நாள் ஒழுங்கு. வெளிச்சமும் கடிகாரமும் இல்லாத சூழலில் வாழும் மனிதரின் உடற்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீண்ட சுற்றில் ஓடுகிறது. 1999இல் வெளியான கவனமான அளவீடு அதைச் சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று கணித்தது. நாள்தோறும் அதைத் திருத்தும் முதன்மையான குறிப்பு பகலொளி. அந்த ஒளியை நாம் எப்போது பெறுகிறோம், எப்போது உண்கிறோம், எப்போது நடக்கிறோம் என்பதை நிர்ணயிப்பது பெரும்பாலும் உடனிருப்பவர்களே. பள்ளிக்குக் கிளப்பிவிட வேண்டிய பிள்ளை இருந்தவரை விடியலில் எழுந்தவர், இப்போது எழும் நேரத்தையும் உணவு நேரத்தையும் தள்ளிப்போடுகிறார். இத்தகைய சமூகக் குறிப்புகள் குலைந்தால் உடலின் சுழற்சியும் அதன் வழியே மனநிலையும் பாதிக்கப்படலாம் என்னும் கருத்தை ஏலர்ஸ், ஃபிராங்க், குப்ஃபர் ஆகிய ஆய்வாளர்கள் 1988இல் முன்வைத்தனர். துயரம் என்று நாம் பெயரிடுவதில் ஒரு பகுதி வெறும் ஒழுங்கு குலைவாகவே இருக்கக்கூடும் என்பதால், வேறு எதைச் செய்ய முடியாவிட்டாலும் எழும் நேரத்தை மாற்றாமல் காலை ஒளியில் சிறிது நேரம் நடப்பதை நான் முதலில் வலியுறுத்துவேன்.

நீண்டகால ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. மெல்போர்னில் நடுவயதுப் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2002இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கடைசிப் பிள்ளையும் வீட்டைவிட்டுச் சென்ற பின் பெண்களின் மனநிலை மேம்பட்டிருந்தது. அன்றாடத் தொல்லைகளும் குறைந்திருந்தன. அமெரிக்கப் பெண்களை 18 ஆண்டுகள் தொடர்ந்து 2008இல் வெளியான மற்றோர் ஆய்வு, பிள்ளைகள் சென்ற பின் மணவாழ்வில் நிறைவு கூடியதைக் கண்டது. கணவனும் மனைவியும் சேர்ந்து கழித்த நேரம் கூடியதால் அன்று, சேர்ந்திருந்த நேரத்தை அவர்கள் மகிழ்ந்து கழித்ததால் அந்த நிறைவு வந்தது. இந்த வெறுமை மருத்துவக் கையேடுகளில் நோயாகவும் பட்டியலிடப்படவில்லை. தனியாகப் பிள்ளை வளர்த்தவர்களுக்கும், மாதவிடாய் நிற்கும் காலத்தையோ பணி ஓய்வையோ இதே வேளையில் எதிர்கொள்பவர்களுக்கும் சுமை கூடுதலாக இருக்கும். சோர்வும் உறக்கமின்மையும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாள்களில் நீடித்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்க வாய்ப்புண்டு. அதற்கு மருத்துவ உதவி தேவை.

அமைதி பொறுக்காமல் நாள் முழுவதும் தொலைக்காட்சியை ஓடவிடுவது பலர் கைக்கொள்ளும் வழி. அது மறைந்திருந்த சிற்றொலிகளை மீண்டும் மூடிவிடும். ஆனால் ஐந்து மணிக் கதவோசையை எதிர்பார்க்கும் கணிப்பை அது தொடுவதே இல்லை. அந்த வேளைக்கே உரிய வேறொரு நிகழ்வை அதே இடத்தில், அதே நேரத்தில் நாள்தோறும் வைப்பதுதான் மூளைக்குப் புதிய பாடத்தைக் கற்பிக்கிறது. அந்த நேரத்துக்கு ஒரு நடை, ஒரு வாத்தியப் பயிற்சி, அண்டை வீட்டாரோடு ஓர் உரையாடல் என எதுவாகவும் அது இருக்கலாம். ஒரு புதிய செயல் தானியங்கிப் பழக்கமாவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று ஆராய்ந்த லண்டன் ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. அதில் இடைநிலை அளவு 66 நாள்கள், ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள்கள் வரை வேறுபட்டது. மூன்றாம் வாரத்திலேயே "எனக்கு மட்டும் ஏன் பழகவில்லை" என்று வருந்துபவர்களுக்கு இந்த எண்களைச் சொல்ல விரும்புகிறேன்.

விடுமுறைக்குப் பிள்ளைகள் வரும்போது இவை அனைத்தும் தலைகீழாகின்றன. அமைதிக்குப் பழகிய செவிக்கு வீடு திடீரென இரைச்சலாகத் தோன்றுகிறது. அதே வேளையில், ஒருமுறை கற்று அடங்கியதை மீண்டும் கற்பது முதல்முறை கற்பதைவிட வேகமாக நடக்கும் என்பதால், பழைய எதிர்பார்ப்பு ஓரிரு நாள்களில் முழு வலுவோடு உயிர்பெறுகிறது. அவர்கள் மீண்டும் கிளம்பியதும் வெறுமை புதிதாகவே தாக்குகிறது. ஆனால் அடக்கும் பாடமும் அவ்வாறே சேமிக்கப்பட்டிருக்கிறது: கற்றலும் அடங்கலும் மாறி மாறி நிகழும்போது ஒவ்வொரு சுற்றிலும் அடங்குவது விரைவுபடுகிறது என்பதை விலங்குச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. மனிதரிடமும் இது பொருந்துமானால், முதல் பிரிவுக்குப் பல மாதங்கள் எடுத்துக்கொண்ட பெற்றோருக்கு ஐந்தாவது விடுமுறைக்குப் பின் சில நாள்கள் போதும்.