அசாக்: தலையைப் பற்றும் பேய்

மெசொப்பொத்தேமியக் களிமண் பலகைகளில், கடும் நோயில் கிடப்பவரின் அருகே ஓர் ஆட்டுக்குட்டியைக் கொண்டுவந்து செய்யும் சடங்கு ஒன்று எழுதப்பட்டுள்ளது. நோயாளியின் தலைக்கு ஈடாகக் குட்டியின் தலையும், கழுத்துக்கு ஈடாகக் கழுத்தும், மார்புக்கு ஈடாக மார்பும் கொடுக்கப்படுவதாக மந்திரம் உறுப்பு உறுப்பாகச் சொல்லிக்கொண்டு போகிறது. அந்த ஈட்டைப் பெற்றுக்கொண்டு உடலைவிட்டு நீங்க வேண்டிய பேயைச் சுமேரியர் அசாக் என்றும், அக்காடியர் அசக்கு என்றும் அழைத்தனர்.

கையைக் குறிக்கும் குறியையும் அடித்தலைக் குறிக்கும் குறியையும் சேர்த்தே சுமேரியர் அப்பெயரை எழுதினர். அவர்களது மொழியில் கை என்ற சொல் வலிமையையும் குறிக்கும். ஆகவே அப்பெயரை 'வலிமையை அடித்து வீழ்த்துவது' என்று படிக்கலாம். காய்ச்சலில் கை ஓய்ந்து, தண்ணீர்க் குவளையைக்கூடத் தூக்க முடியாமல் கிடந்த எவருக்கும் அப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

எழுநூறு வரிகளுக்கு மேல் நீளும் 'லுகல்-ஏ' என்ற சுமேரியப் பாடலில், அசாக் வானமும் பூமியும் கூடிப் பெற்ற பிள்ளை. செவிலித்தாய் யாரிடமும் தங்காமலேயே பாலின் வலிமையை உறிஞ்சி வளர்ந்தது. மலைக் கற்களே அதன் படை. அதைப் பற்றி நினுர்த்தா என்ற கடவுளிடம் எச்சரிப்பது, ஷாருர் என்ற அவருடைய பேசும் ஆயுதம். அசாக்கின் இருப்பிடம் மாறிக்கொண்டே இருக்கிறது, நாளுக்கு நாள் அதன் எல்லை விரிகிறது, படை வருகிறது என்ற பேச்சு மட்டும் காதில் விழுகிறதே தவிர வீரர்கள் கண்ணில் படுவதில்லை, கோடரியும் ஈட்டியும் அதன் தசையைத் துளைப்பதில்லை என்கிறது ஷாருர். பாடிய கவிஞர் மலைநாட்டுப் பகைவரை மனத்தில் வைத்திருந்திருக்கலாம். ஆனால் கொள்ளைநோய் பரவும் விதத்தை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன பழம்பாடல் எதையும் நான் படித்ததில்லை. இறுதியில் நினுர்த்தா வெல்கிறார். கற்களைக் குவித்து, மலைநீரை டைகிரிஸ் ஆற்றுக்குத் திருப்புகிறார். கற்களுக்கும் தீர்ப்பு வழங்குகிறார். கருங்கல் வகையைச் சேர்ந்த டயோரைட்டுக்குச் சிலையாகும் பேறு கிடைக்கிறது. சிக்கிமுக்கிக் கல் சில்லுச் சில்லாகப் பிளக்கப்படச் சபிக்கப்படுகிறது.

பாடலில் மாண்ட அசாக், மருத்துவ மந்திரங்களில் பல நூற்றாண்டுகள் தொடர்ந்தது. அங்கே பேய்கள் உடலைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன: அசக்கு தலையை நெருங்கியது, உதுக்கு என்ற பேய் கழுத்தை, ஆலு என்ற பேய் மார்பை, கல்லு என்ற பேய் கையை. நோய் உடலின் எந்த இடத்தில் நிற்கிறது என்று கவனித்துப் பெயரிடும் பழக்கம் இதற்குள் இருப்பதைக் காணத் தவறக் கூடாது. கி.மு. 11ஆம் நூற்றாண்டில் எசாகில்-கின்-அப்லி என்ற பாபிலோனிய அறிஞர் ஒழுங்குபடுத்திய 40 பலகைகள் கொண்ட நோயறியும் நூலிலும் அறிகுறிகள் தலையில் தொடங்கிப் பாதம் வரை வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. மந்திரம் ஓதும் ஆஷிப்பு ஒருபுறமும், மூலிகையும் கட்டும் கொண்டு சிகிச்சை செய்யும் அசூ மறுபுறமுமாக நோயாளியைப் பார்த்தனர்.

பேய்மீதான நம்பிக்கை அவர்களுடைய கண்ணை மறைத்துவிடவும் இல்லை. கி.மு. 18ஆம் நூற்றாண்டில், இன்றைய சிரியாவில் இருந்த மாரி என்ற நகரின் அரசர் சிம்ரி-லிம், அரண்மனையில் நோயுற்றிருந்த ஒரு பெண்ணைப் பற்றி அரசி ஷிப்துவுக்குக் கடிதம் எழுதினார். அவள் குடிக்கும் குவளையில் வேறு யாரும் குடிக்கக் கூடாது, அவள் அமரும் இருக்கையில் யாரும் அமரக் கூடாது, அவள் படுக்கும் படுக்கையில் யாரும் படுக்கக் கூடாது என்று அதில் ஆணையிட்டார். அந்த நோய் தொற்றக்கூடியது என்பதே அவர் எழுதிய காரணம்.