மாசியில் தெரியும் குறை, கார்த்திகையில் நடந்த தவறு

கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், குலசேகரம், அருமனை வட்டாரத்தில் சம்பள வேலையோடு தேன்பெட்டியும் வைத்திருப்பவர்களிடம் பங்குனியில் விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பேச்சுதான். இருபது பெட்டி, பெட்டிக்குப் பத்து கிலோ, ஆக இருநூறு கிலோ என்று கணக்குப் போட்டிருப்பார்கள். கைக்கு வந்தது எண்பதோ தொண்ணூறோ. "இந்த வருஷம் ரப்பர் சரியா சுரக்கல்ல", "மழை கெடுத்துட்டு" என்பார்கள். சில வருடங்களில் அது உண்மைதான். தளிர் விடும் நேரத்தில் தொடர்ந்து பனிமூட்டம் இருந்தால் சாம்பல் நோய் வந்து இளம் இலை உதிரும், தேன் வரத்து விழும். ஆனால் பக்கத்து விளையில், அதே மழையில், இன்னொருவர் பெட்டிக்குப் பத்துக்கு மேல் எடுத்திருந்தால் காரணத்தை வானத்தில் தேடக் கூடாது, நாட்காட்டியில் தேட வேண்டும்.

முதலில் அந்தப் பத்து கிலோ எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நியூட்டன், மார்த்தாண்டம் என்ற இரண்டு வகைப் பெட்டியிலும் நாம் வளர்க்கும் இந்தியத் தேனீ ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு கிலோ தருவது சாதாரணம். ரப்பர் தோட்டத்துக்குள் வைத்து, வாரம் தவறாமல் பார்த்தால் பத்தைத் தாண்டும். நாகர்கோவிலில் மாடியிலோ கடற்கரைப் பக்கம் தென்னந்தோப்பிலோ வைத்துக்கொண்டு ரப்பர் தோட்டம் சூழ்ந்த திற்பரப்புக்காரர் கணக்கை எடுத்துக்கொண்டால் தொடக்கமே தவறு. தென்னை ஆண்டு முழுக்க மகரந்தம் தரும், புழு வளர்ப்புக்கு அதைவிட நல்ல துணை இல்லை. ஆனால் ரப்பரைப் போல அது தேனைக் கொட்டாது. இந்தியத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் சுற்றுக்குள்தான் இரை தேடும். பெட்டியிலிருந்து அந்தத் தூரத்துக்குள் என்ன மரம் நிற்கிறது என்று நடந்து பார்த்துவிட்டு எண்ணை எழுதுங்கள்.

பகுதிநேரம் என்பதே குறை என்று சிலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அது சரியல்ல. 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. ஊரகப் புனரமைப்பு மையத்தை நடத்தியபோது, ஏழை விவசாயி தன் வேலையோடு சேர்த்துச் செய்யும் கைத்தொழில்களில் ஒன்றாகத்தான் தேனீ வளர்ப்பும் கற்றுக்கொடுக்கப்பட்டது. இந்த மாவட்டத்தில் இது தொடக்கத்திலிருந்தே பக்கத் தொழில்தான்.

நாற்பது நாள் கணக்கு

ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை. மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் சின்னக் குமிழ்களாகச் சில சுரப்பிகள் இருக்கும். செம்பு நிறத் தளிர் வெளிர்பச்சையாக மாறும் பருவத்தில் அந்த இடத்தை விரலால் தொட்டால் பிசுபிசுக்கும், நாக்கில் வைத்தால் இனிக்கும். இலை முற்றிவிட்டால் சுரப்பு நின்றுவிடும். மார்கழியில் இலை உதிர்ந்து தையில் தளிர்க்கும் தோட்டங்களில் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரைதான் நமக்கு அறுவடை.

இப்போது தேனீயின் பக்கம் வாருங்கள். வேலைக்காரத் தேனீ முட்டையிலிருந்து முழுத் தேனீயாக வெளிவர ஏறக்குறைய இருபது நாள். வந்ததும் அது வெளியே பறக்காது. அறை சுத்தம் செய்வது, புழுவுக்கு ஊட்டுவது, அடை கட்டுவது, வாசலில் காவல் நிற்பது என்று பெட்டிக்குள்ளேயே இரண்டரை, மூன்று வாரம் போகும். அதன் பிறகுதான் தேன் சுமக்கும். ஆக முட்டையிலிருந்து சுமை தூக்கும் நாள் வரை நாற்பது நாள்.

ஜனவரி 25-ல் தளிர் சுரக்கத் தொடங்கினால், அன்று பறக்க வேண்டிய தேனீ டிசம்பர் 15-க்குள் முட்டையாக இருந்திருக்க வேண்டும். அதாவது கார்த்திகை கடைசி. பிப்ரவரி 13-ல் ராணி இடும் முட்டை மார்ச் 25-ல்தான் வயலுக்குப் போகும், அதற்குள் இலை முற்றியிருக்கும். பொங்கல் விடுமுறையில் பெட்டியைத் திறந்து "இனி கவனிப்போம்" என்று தொடங்குபவர், தேன் குடிக்கும் வாய்களைத்தான் வளர்க்கிறார், தேன் கொண்டுவரும் இறக்கைகளை அல்ல. பக்கத் தொழில் செய்பவர்களின் இலக்கு தவறுவதற்கு நாங்கள் அதிகம் காணும் காரணம் இதுவே. வடகிழக்கு மழையில் பெட்டியைத் திறக்க மனம் வராது, தீபாவளி, ஐயப்பன் மாலை, கிறிஸ்துமஸ் என்று ஞாயிறுகள் கழியும். அந்த எட்டு வாரமும் கைவிட்டுப் போனால் தையில் எந்த உழைப்பும் அதை ஈடு செய்யாது.

எனவே கிலோவை இலக்காக எழுதாதீர்கள். கிலோ கடைசியில் வரும் விளைவு, அதைப் பார்த்துத் திருத்திக்கொள்ள நேரம் இருக்காது. ஜனவரி 15 அன்று புழு அறையில், அதாவது ராணி முட்டையிடும் கீழ் அறையில், அடை தாங்கும் ஏழு மரச்சட்டங்களிலும் தேனீ அடர்ந்து நிற்க வேண்டும், அதில் ஐந்திலாவது புழு இருக்க வேண்டும். இதை இலக்காக வையுங்கள். டிசம்பர் முதல் வாரத்தில் தேனீ நான்கு சட்டம்கூட மூடவில்லையென்றால், இன்னும் ஆறு வாரம் கையில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

ஒரு ஞாயிறு தவறினால்

இந்தியத் தேனீக்குக் கூட்டம் பிரியும் குணம் அதிகம். பெட்டி பலப்பட்டதும் முதலில் ஆண் தேனீ அறைகள் பெருகும். அவற்றின் மூடி மேல்நோக்கிப் புடைத்து, நடுவில் ஊசி குத்தியதுபோல ஒரு துளை இருக்கும். அந்த மூடிகள் சின்ன வட்டத் தட்டுகளாக அடிப்பலகையில் விழுந்து கிடப்பதைப் பார்த்தாலே அடுத்த கட்டம் நெருங்கிவிட்டது என்று பொருள். பிறகு அடையின் கீழ் ஓரத்தில் நிலக்கடலை தொங்குவதுபோல ராணி அறைகள் வரும்.

ராணி அறையில் முட்டை வைத்த எட்டாம் நாள் வாக்கில் அதை மூடிவிடும். மூடியதும், வெயில் தெளிந்த ஒரு நாளில் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பிவிடும். போன ஞாயிறு ஒன்றும் விடாமல் நீக்கியிருந்தால் இந்த ஞாயிறு இருக்கும் எந்த அறைக்கும் ஏழு நாளுக்கு மேல் வயதிருக்காது. ஏழு நாளுக்கு ஒருமுறை பார்ப்பது மட்டாகப் போதும், அதற்கு மேல் சலுகையே இல்லை. கல்யாணம், காதுகுத்து என்று ஒரு ஞாயிறு போனால் அதற்கு முன்தினமோ மறுநாள் விடியற்காலமோ பார்த்தே ஆக வேண்டும். பார்க்கும்போது சட்டத்தின் மேல்கட்டையைப் பிடித்து லேசாக உதறித் தேனீயை விலக்கிவிட்டு ஓரங்களைப் பாருங்கள். தேனீ மூடியிருக்கும் மூலையில் ஒரே ஒரு ராணி அறை தப்பினாலும் கூட்டம் போய்விடும்.

போனால் இழப்பு எவ்வளவு? ஜனவரி 10-ல் கூட்டம் பிரிந்ததாக வைப்போம். புதிய ராணி 18-ஆம் தேதி வாக்கில் வெளிவரும். பறந்து இணைந்து முட்டை வைக்க மாதக் கடைசியாகும். அந்த முட்டை தேன் சுமப்பது மார்ச் இரண்டாம் வாரம். பெட்டி காலியாகத் தெரியாது, தேனீ வந்து போய்க்கொண்டுதான் இருக்கும். ஆனால் மேலே உள்ள தேன் அறையில் தேன் ஏறாது.

பெட்டி எண்ணிக்கையின் மயக்கம்

"பத்தை இருபதாக்கினால் தேன் இரட்டிப்பு" என்ற நினைப்பில் கார்த்திகைக் கடைசியில்கூடக் கூட்டத்தைப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் புழுவைப் பார்க்க, சூடு காக்க, வாசல் காக்க ஒரு பங்கு தேனீ உள்ளேயே நிற்க வேண்டும். சின்னக் கூட்டத்தில் அந்தப் பங்கு பெரிது, வெளியே போக மிச்சம் குறைவு. மூன்று சட்டக் கூட்டங்கள் இரண்டைவிட ஆறு சட்டக் கூட்டம் ஒன்று நிச்சயம் அதிகத் தேன் தரும். பிரிப்பதானால் ஐப்பசி நடுவுக்குள் முடியுங்கள். அதற்குப் பிறகு ஆசைப்பட்டால் அது அடுத்த ஆண்டுக்கான பெட்டி, இந்த ஆண்டு கிலோவில் அதைச் சேர்க்காதீர்கள்.

எத்தனை பெட்டி வைக்கலாம் என்பதை உங்கள் மணிநேரம்தான் சொல்ல வேண்டும். ஒரு பெட்டியைத் திறந்து, ஏழு சட்டமும் பார்த்து, அடிப்பலகையைத் துடைத்து, மூடியில் குறிப்பு எழுதி மூட எட்டு முதல் பத்து நிமிடம். இருபது பெட்டிக்கு ஏறத்தாழ மூன்று மணிநேரம். போக வர, பெட்டிக் கால்களின் எறும்புக் கிண்ணத்தில் நீர் ஊற்ற, தேனீக்குச் சர்க்கரைப் பாகு காய்ச்ச என்று சேர்த்தால் ஐந்து மணிநேரம். ஒரு ஞாயிறுக்கு அதுவே எல்லை. நாற்பது பெட்டி வைத்திருக்கும் ஆசிரியரோ வங்கி ஊழியரோ பாதிப் பெட்டியை மட்டும் பார்க்கிறார், அல்லது எல்லாவற்றையும் மேலோட்டமாகப் பார்க்கிறார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தேன் எடுக்கும் வாரங்களும் பொதுத்தேர்வு, நிதியாண்டு முடிவு நெருக்கடியும் ஒன்றாக வரும். அந்த மாதம் உங்களுக்கு நேரம் இருக்காது என்பது இப்போதே தெரிந்த விஷயம். நல்லவேளையாக, ரப்பர் இலை உதிர்ந்து தளிர்க்கும் நாட்களில் பல தோட்டங்களில் பால்வெட்டுக்கு ஓய்வு. தேனீயைக் கண்டு பயப்படாத பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரை மார்கழியிலேயே பேசி, நாலு ஞாயிறு கூலிக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். அந்தக் கூலியைச் செலவாக நினைக்காதீர்கள்.

பிப்ரவரியில் பின்தங்கியது தெரிந்தால்

செய்யக்கூடியது குறைவு, ஆனால் இருக்கிறது. மூன்று சட்டத்துக்குக் கீழே நிற்கும் கூட்டங்களை இணையுங்கள். பலவீனமான கூட்டத்தின் ராணியை எடுத்துவிட்டு, பலமான பெட்டியின் மேல் செய்தித்தாள் ஒன்றை விரித்து, குண்டூசியால் நாலைந்து துளையிட்டு, மற்றப் புழு அறையை அதன்மேல் வையுங்கள். தாளைக் கடித்து வழி செய்வதற்குள் இரண்டு கூட்டத்தின் வாசமும் கலந்துவிடும், சண்டை வராது. இதை மாலையில் செய்ய வேண்டும்.

அடுத்தது, பழைய அடை. மெழுகு சுரக்கத் தேனீ நிறையத் தேன் தின்ன வேண்டும். ஒரு கிலோ மெழுகுக்கு ஆறு முதல் எட்டு கிலோ தேன் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. சென்ற ஆண்டுத் தேன் அறை அடைகளைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கு முதல் வாரத்திலேயே தேன் ஏறும். கத்தியால் அடையோடு வெட்டிப் பிழிபவர் ஒவ்வொரு தடவையும் அதை இழக்கிறார். மூடியை மட்டும் சீவி, சுழற்றும் கருவியில் எடுத்து, அடையைத் திருப்பிக் கொடுங்கள்.

அவசரத்தில் நடக்கும் பெரிய தவறு, ஞாயிறு வந்துவிட்டது என்பதற்காக மூடாத தேனை எடுப்பது. சட்டத்தில் முக்கால் பங்கு அறை மூடப்பட்டிருக்க வேண்டும். ரப்பர் தேன் இயல்பிலேயே ஈரம் கூடியது. உணவுப் பாதுகாப்புத் தரத்தில் தேனின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பச்சையாக எடுத்த தேன் இரண்டு மாதத்தில் நுரைத்துப் புளிக்கும், பாட்டில் மூடி தூக்கும், வாங்கியவர் திருப்பிக் கொண்டுவருவார். நோட்டில் எழுதிய கிலோ விற்ற கிலோ ஆகாது. ஈரப்பதம் அளக்கும் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று இருபது பெட்டிக்காரருக்கு அவசியமான கருவி. எடை கணக்கிலும் கவனம்: தேன் ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.4 கிலோ. லிட்டரில் எடுத்து கிலோவில் விலை பேசிக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

குறையை ஈடுகட்டப் புழு அறைத் தேனில் மட்டும் கை வைக்காதீர்கள். அது ஜூன் மழைக்குத் தேனீக்களின் அரிசி. அதை எடுத்த பெட்டிகள்தான் ஆனியில் காலியாகக் கிடக்கும்.

இரை பஞ்சமான மாதங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை பாகு கொடுத்தே ஆக வேண்டும். வாரம் ஒரு பெட்டிக்கு 200 கிராம் சர்க்கரை, அதே அளவு நீரில் காய்ச்சி ஆற்றியது. இருபது பெட்டிக்குப் பதினாறு வாரம் என்றால் 64 கிலோ சர்க்கரை. இந்தச் செலவை மார்ச்சில் தேன் விற்ற பணத்திலிருந்தே ஒதுக்கி வையுங்கள், ஆடியில் கையில் காசில்லாமல் இரண்டு வாரம் நிறுத்தினால் கூட்டம் ஓடிவிடும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாள், பொழுது சாய்ந்த பிறகு கொடுங்கள். பகலில் சிந்திய ஒரு துளி போதும், பலமான பெட்டி பலவீனமானதைக் கொள்ளையடிக்க. தளிர் விடும் முன்பே பாகை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அது தேன் அறையில் ஏறும். கரும்புச் சர்க்கரை கலந்தால் ஆய்வகச் சோதனையில் தெரிந்துவிடும்.

தேனீ மூடாத அடைகளை இந்த மாதங்களில் வெளியே எடுத்துவிடுங்கள், அங்கேதான் மெழுகுப்பூச்சி குடியேறும். கூட்டுப்புழுவாக மாறும் முன் நிலையில் புழு தலையைத் தூக்கிப் படகுபோல வளைந்து, தொட்டால் நீர்ப்பைபோல வந்தால் அது தாய் சாக்ப்ரூட் வைரஸ். 1990களின் தொடக்கத்தில் இங்கே பெட்டிகளை வெறுமையாக்கிய நோய் அது. மருந்து இல்லை. அந்தப் பெட்டியின் சட்டத்தை மற்றதற்கு மாற்றாதீர்கள், அதைத் தொட்ட கையையும் கத்தியையும் கழுவிய பிறகே அடுத்த பெட்டியைத் திறங்கள். சந்தேகம் இருந்தால் அடைத் துண்டோடு திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்க் காட்டுங்கள்.

ஆவணி பிறந்ததும் ஒவ்வொரு பெட்டி மூடியின் உட்புறத்திலும் மார்க்கர் பேனாவால் மூன்று விஷயம் எழுதத் தொடங்குங்கள்: பார்த்த தேதி, தேனீ மூடிய சட்டம் எத்தனை, புது முட்டை உண்டா இல்லையா. ராணியைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், முட்டை அறையின் அடியில் செங்குத்தாக நின்றால் ராணி மூன்று நாளைக்குள் அங்கே இருந்திருக்கிறது. இரண்டு வாரம் தொடர்ந்து சட்ட எண்ணிக்கை ஏறாத பெட்டியில் ராணிக்கு வயதாகியிருக்கும். அதை ஐப்பசிக்குள் மாற்றிவிடுங்கள்.