எம்.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு ஆசிரியர் வேலை தேடுகிறீர்களா?

"மேடம், ரிசல்ட் வந்துடுச்சு. எந்தக் காலேஜ்லயாவது டியூட்டர் வேகன்சி இருக்கா?" என்று ஒவ்வொரு ஆண்டும் பழைய மாணவிகள் போன் செய்வார்கள். டியூட்டர் என்பது நர்சிங் கல்லூரியில் தொடக்க நிலை ஆசிரியர் பதவி. நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "ஒரிஜினல் சர்டிபிகேட்டை ஆபீஸ்ல கொடுத்துட்டுப் போன்னு சொன்னா என்ன பண்ணுவே?" பெரும்பாலும், "எல்லாரும் கொடுக்கிறாங்களே மேடம்" என்றுதான் வரும்.

நானும் கொடுத்தவள்தான். முதல் வேலையில் சேர்ந்த அன்றே, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து முதுகலைப் பட்டம் வரை எல்லாவற்றையும் ஒரு பச்சை பைலில் போட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். ஒன்றரை வருடம் கழித்து வேறு கல்லூரியில் நல்ல இடம் கிடைத்தது. மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டினால்தான் பைல் கிடைக்கும் என்றார்கள். அப்பா கடன் வாங்கிக் கட்டினார். அப்படியும் அனுபவச் சான்றிதழ் தரவில்லை. அந்த ஒன்றரை வருடம் என் கணக்கில் இன்றுவரை சேரவில்லை.

நம் துறையில் அந்தக் கணக்குதான் எல்லாம். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி 3 ஆண்டு கற்பித்த அனுபவம் இருந்தால்தான் உதவிப் பேராசிரியர் ஆகலாம். முதல்வர் பதவிக்கு 15 ஆண்டு அனுபவம் வேண்டும், அதில் 12 ஆண்டு கற்பித்ததாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு வருடம் விட்டுப்போனால் ஒவ்வொரு பதவி உயர்வும் தள்ளிப் போகும். அதனால் பதவியும் சேரும் தேதியும் சம்பளமும் எழுதிய ஆர்டரைக் கையில் வாங்கிக்கொண்டு சேருங்கள். சம்பளம் வங்கிக் கணக்கில் வரட்டும். விலகும்போது ரிலீவிங் ஆர்டரையும் அனுபவச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். ஒரிஜினலைக் காட்டுங்கள், சரிபார்த்ததும் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.

ஆசிரியர் எண்ணிக்கையைக் காகிதத்தில் மட்டும் நிரப்பிக் காட்டும் கல்லூரிகளிலிருந்து இன்னொரு அழைப்பும் வரும். "இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு மட்டும் வந்து உட்கார்ந்தா போதும், பணம் தர்றோம்" என்பார்கள். தயவுசெய்து போகாதீர்கள். பதிவு பெற்ற நர்ஸ்களுக்கு இப்போது ஆதாரோடு இணைந்த தேசிய அடையாள எண் இருக்கிறது, ஒரே பெயரை இரண்டு இடத்தில் காட்டினால் மாட்டப்போவது நீங்கள்தான். அதைவிட, பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. நீங்கள் காகிதத்தில் மட்டும் இருந்தால், அந்தப் பத்துப் பிள்ளைகளும் வார்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் ஊசி போடப் பழகுவார்கள்.

விளம்பரங்கள் நாளிதழில் வரும், சீனியர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். ஜிப்மர், எய்ம்ஸ் போன்ற இடங்களுக்கு அவரவர் இணையதளத்தையே பாருங்கள். இடையில் ஏஜென்ட் யாருக்கும் பணம் தர வேண்டாம். விண்ணப்பிக்கும் முன்பே முதுகலைப் பட்டத்தைக் கூடுதல் தகுதியாக மாநில நர்சிங் கவுன்சிலில் பதிந்துவிடுங்கள். பலர் அதை மறந்துவிட்டுக் கடைசி நேரத்தில் ஓடுகிறார்கள்.

இன்டர்வியூவுக்குப் போகும் நாளில் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் மருத்துவமனையைச் சுற்றிப் பாருங்கள். பி.எஸ்சி. நர்சிங் கல்லூரிக்கு 100 படுக்கை உள்ள சொந்த மருத்துவமனை வேண்டும் என்பது விதி. படுக்கை இருக்கும், நோயாளி இருக்கிறாரா என்று பாருங்கள். குழந்தைகள் நலம் படித்தவர் பீடியாட்ரிக் வார்டே ஓடாத இடத்தில் சேர்ந்தால் இரண்டே வருடத்தில் கைப்பழக்கம் போய்விடும். அப்புறம், அட்மிஷனுக்கு ஆள் பிடித்துத் தர வேண்டுமா, ஹாஸ்டல் வார்டன் வேலையும் உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

இன்டர்வியூவில் பாடம் நடத்திக் காட்டச் சொல்லும் டெமோ கிளாஸ் பற்றியும் சொல்ல வேண்டும். போன வருடம் ஒரு பெண் மூக்கு வழியாக உணவுக் குழாய் போடுவது பற்றிப் பாடம் எடுத்தார். ஸ்லைடில் இருந்ததை அப்படியே வாசித்துக்கொண்டிருந்தார். பின் வரிசையில் இருந்த முதலாமாண்டு மாணவி ஒருத்தி, "எவ்வளவு நீளம் உள்ளே போகணும் மேடம்?" என்று கேட்டாள். அவர் ரிமோட்டை வைத்துவிட்டுக் குழாயைக் கையில் எடுத்தார். தன் மூக்கு நுனியில் ஒரு முனையைப் பிடித்து, காது மடல் வரை கொண்டுபோய், அங்கிருந்து நெஞ்செலும்பின் அடிமுனைக்கு இறக்கி, அந்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டி அடையாளம் வைத்தார். "ஆளுக்கு ஆள் மாறும். அதனால ஒவ்வொரு முறையும் அளக்கணும்" என்றார். வகுப்பு மொத்தமும் எட்டிப் பார்த்தது. அன்று வந்த ஐந்து பேரில் அவரைத்தான் எடுத்தோம். சர்டிபிகேட்டுகளைப் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்தோம்.