குரல்கள் அடங்கிய பிறகும்: மனச்சிதைவும் பிறர் மனத்தை ஊகிக்கும் திறனும்

மனச்சிதைவு நோய் என்றதும் காதில் ஒலிக்கும் குரல்களும் ஆதாரமற்ற சந்தேகங்களும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. இவை பெரும்பாலானவர்களுக்கு மாத்திரைகளால் கட்டுக்குள் வந்துவிடும். அதன் பின்னும் பலரால் ஒரு வேலையில் நிலைக்க முடிவதில்லை. வீட்டாரோ அதைச் சோம்பல் என்றோ திமிர் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். எதிரிலிருப்பவரின் முகம், குரல், குறிப்பு ஆகியவற்றிலிருந்து அவர் மனத்தை ஊகிக்கும் திறன், அதாவது சமூக அறிதிறன், இந்நோயில் குறைந்துபோவது பலருக்குத் தெரியாததே இதற்குக் காரணம்.

தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த, நோயிலிருந்து தேறிவரும் இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பத்துப் புடவைகளைப் பிரித்துப் பார்த்த அம்மா, "சரிப்பா, அப்படியே ஒரு சுத்து பாத்துட்டு வர்றோம்" என்று எழுந்துகொள்கிறார். அவர் திரும்பி வரமாட்டார் என்பது சென்னையில் சிறுபிள்ளைக்கும் தெரியும். இந்த இளைஞரோ அச்சொல்லை அப்படியே நம்பி, புடவைகளை மடிக்காமல் காத்திருக்கிறார். "என்ன, கடை விரிச்சாச்சா?" என்று முதலாளி கேட்கும்போது, அதிலுள்ள கேலியும் அவருக்கு எட்டுவதில்லை. இத்தகைய மறைமுகக் குறிப்புகளை நோயாளிகள் எவ்வளவு புரிந்துகொள்கிறார்கள் என்பதை அளக்கவே, 1995-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் சிறு உரையாடல்களைக் கொண்ட ஒரு சோதனையை வெளியிட்டனர்.

ஊகம் குறைவது ஒரு வகை என்றால், மிகுவது இன்னொரு வகை. உணர்ச்சி எதையும் காட்டாத முகத்தில் பகையைக் காண்பதும், பக்கத்து மேசைச் சிரிப்பு தன்னைப் பற்றியதே என்று கொள்வதும் இதில் அடங்கும். இதனோடு அவசர முடிவும் சேர்ந்துகொள்கிறது. இரு நிற மணிகள் வெவ்வேறு விகிதத்தில் கலந்த இரண்டு குடுவைகளில் ஒன்றிலிருந்து மணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, அது எந்தக் குடுவை என்று கேட்டால், தவறான நம்பிக்கைகள் உடைய நோயாளிகளில் பலர் ஓரிரு மணிகளிலேயே முடிவு சொல்லிவிடுகிறார்கள். மற்றவர்கள் இன்னும் சில மணிகளைப் பார்க்கக் கேட்கிறார்கள்.

மூளையில், முன்மடலின் நடுப்பகுதியும், பொட்டு மடலும் உச்சி மடலும் சந்திக்கும் இடமும் பிறர் எண்ணத்தை ஊகிக்கையில் ஒருங்கே இயங்குகின்றன. முகத்தில் அச்சத்தை அறிவதில், மூளையின் உட்பகுதியில் உள்ள அமிக்டலா என்ற சிறு பகுதிக்குப் பங்குண்டு. நோயாளிகளிடம் இவற்றின் செயல்பாடு மாறுபட்டிருப்பதை மூளை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியுள்ளன. கவனம், நினைவாற்றல், சிந்தனை வேகம் ஆகியவையும் குறைவதால், பேச்சின் ஒரு குறிப்பைப் பிடிப்பதற்குள் பேச்சு நகர்ந்துவிடுகிறது. ஆயினும், அன்றாட வாழ்வு எவ்வளவு சீராக நடக்கிறது என்பதோடு இவற்றைவிடச் சமூக அறிதிறனுக்கே நெருங்கிய தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன.

குறிப்புகள் ஊருக்கு ஊர் மாறுபவை என்பதால், பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் ஆய்வாளர்கள் நம் நாட்டுச் சூழலுக்கேற்ற சோதனைகளை உருவாக்கியதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். மாத்திரைகள் இத்திறனைப் பெரிதாக மீட்பதில்லை. பயிற்சி ஓரளவு மீட்கிறது. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய, மனச்சிதைவு ஆய்வு அறக்கட்டளையான ஸ்கார்ஃப் போன்ற அமைப்புகள் சிகிச்சையோடு மறுவாழ்வுக்கும் இடம் கொடுத்தது இவ்வகையில் பொருள் உடையது. சமூக அறிதிறன் பயிற்சியில், ஒரு சிறு காட்சியை ஓடவிட்டு நிறுத்துகிறார்கள். பங்கேற்பவர்கள் முதலில் கண்ணால் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும், தாம் ஊகித்ததைத் தனியே சொல்ல வேண்டும், பிறகு அந்த ஊகத்துக்கு மாற்றாக வேறு இரண்டு விளக்கங்களையாவது தேட வேண்டும்.