ஸ்பியரோ: பெயருக்குள் ஒரு ஈட்டி

விதவிதமான உயிரினங்களைப் பிடித்துச் சண்டைக்கு விடும் போக்கிமான் வீடியோ விளையாட்டில் வரும் ஒரு குட்டிப் பறவைக்குப் பெயர் ஸ்பியரோ. வரிசையில் அதன் எண் 21. உயரம் 30 சென்டிமீட்டர், எடை 2 கிலோ. 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளியான சிவப்பு, பச்சைப் பதிப்புகளிலேயே இருக்கிறது, அதாவது முதல் 151 பேரில் ஒன்று. பழுப்புத் தலை, சிலிர்த்து நிற்கும் இறகு, செந்நிறச் சிறகு, லேசாக வளைந்த கட்டை அலகு. படத்தைப் பார்த்தாலே 'கிட்ட வராதே' என்று முறைக்கும்.

பெயரைப் பிரிப்பதற்கு முன் குணத்தைப் பார்த்துவிடலாம், பெயர் வந்ததே அங்கிருந்துதான். இதற்கு உயரப் பறக்க வராது. சிறகு குட்டை என்பதால் வேகவேகமாக அடித்தால்தான் காற்றில் நிற்க முடியும் என்கிறது விளையாட்டின் உயிரினக் கையேடு. ஆனால் தன் எல்லைக்குள் யாராவது நுழைந்துவிட்டால் தாழ்வாக, படுவேகமாகச் சுற்றிச் சுற்றி விரட்டும். கத்தினால் அரை மைலுக்கு அப்பாலும் கேட்கும். ஒன்று கத்தினால் அக்கம்பக்கத்து ஸ்பியரோ எல்லாம் உஷாராகிவிடும். எண்களும் இதையேதான் சொல்கின்றன: தாக்குதல் 60, வேகம் 70, தற்காப்பு வெறும் 30. அடிக்கத் தெரியும், அடி வாங்கத் தெரியாது. இதே ஆரம்பக் கட்டத்தில் கிடைக்கும் இன்னொரு பறவையான பிட்ஜிக்குத் தாக்குதல் 45, வேகம் 56. பிட்ஜி சாது. ஸ்பியரோ வம்புக்கென்றே பிறந்தது.

தொலைக்காட்சித் தொடரின் முதல் பகுதி பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1997 ஏப்ரல் 1 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான அந்தப் பகுதியில், கதாநாயகச் சிறுவன் ஆஷ் ஒரு பறவை மேல் கல்லை விட்டெறிகிறான். அது ஸ்பியரோ. விளைவு, ஒரு கூட்டமே திரண்டு வந்து அவனையும் அவனுடைய போக்கிமானான பிக்காச்சுவையும் துரத்துகிறது. கல்லெறிந்தவன் ஆஷ்தானே, பறவை மேல் என்ன தப்பு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

சரி, பெயருக்கு வருவோம். ஆங்கிலத்தில் இது இரண்டு சொற்களை ஒட்டிச் செய்த பெயர். ஸ்பியர் என்றால் ஈட்டி, ஸ்பாரோ என்றால் சிட்டுக்குருவி. இரண்டும் 'ஸ்ப' என்றே தொடங்குவதால் ஒட்டிய இடமே தெரியவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய ஆங்கிலத்தில் சிட்டுக்குருவிக்கு இருந்த சொல்லை எழுதிப் பார்த்தால், அதன் முதல் ஐந்து எழுத்துகள் ஈட்டியைக் குறிக்கும் இன்றைய சொல்லேதான்! இது தற்செயல். ஈட்டிக்கு அன்றைக்கும் தனிச்சொல் இருந்தது, இரண்டுக்கும் உறவு இல்லை. பெயர் வைத்தவர்கள் இதை யோசித்து வைத்திருக்கவும் தேவையில்லை.

ஆனால் ஒரு குறை சொல்லத் தோன்றுகிறது. அலகைப் பார்த்தால் அதில் ஈட்டி எங்கே இருக்கிறது? கட்டையாக, வளைந்து இருக்கிறது. கொத்தும் வேகத்தைத்தான் ஈட்டி என்றார்கள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். உண்மையான ஈட்டி பின்னால் வருகிறது. லெவல் 20 தொட்டதும் ஸ்பியரோ எவால்வ் ஆகி, அதாவது அடுத்த வடிவத்துக்கு வளர்ந்து, ஃபியரோ ஆகும். நீண்ட கழுத்து, அதைவிட நீண்ட கூர் அலகு, 1.2 மீட்டர் உயரம், 38 கிலோ எடை. ஃபியர் என்றால் அச்சம். இரண்டு பெயரும் எதுகைபோல ஒலிக்க வேண்டும் என்பதற்காக, ஈட்டி இல்லாத குட்டிக்கு ஈட்டியைக் கொடுத்துவிட்டார்கள்.

ஜப்பானியப் பெயர் அலகைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. அங்கே இது ஒனிஸுஸுமே. ஸுஸுமே என்றால் சிட்டுக்குருவி. ஒனி என்பது கொம்பும் கோரைப் பல்லும் கொண்ட, கதைகளில் வரும் அரக்கன். இந்தச் சொல்லை ஜப்பானியர்கள் உயிரினப் பெயர்களுக்கு முன்னொட்டாகவும் போடுவார்கள். அந்நாட்டின் மிகப் பெரிய தட்டான் ஒனியன்மா. உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் நட்சத்திர மீன் ஒனிஹிதோதே. ஓர் இனத்தில் பெரிதாக, முரடாக இருப்பது ஒனி. ஆகவே ஒனிஸுஸுமே என்பது ஜப்பானியக் காதுக்கு நிஜமான ஒரு பறவையின் பெயர்போலவே கேட்கும். ஃபியரோவுக்கு அங்கே ஒனிடோரிரு என்று பெயர். ஒனியோடு, துளையிடும் 'டிரில்' சேர்ந்தது. பறவையைக் குறிக்கும் தோரி என்ற சொல்லும் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் பியாஃபபெக் என்கிறார்கள். பியாஃப் என்பது சிட்டுக்குருவிக்குப் பேச்சுவழக்குச் சொல், பெக் என்றால் அலகு. அவர்களும் அலகுக் கட்சிதான்.

தமிழில் என்ன சொல்லலாம்? சிட்டுக்குருவிக்கு நம்மிடம் சொல் பஞ்சம் இல்லை. சங்கப் பாடல்களில் குரீஇ. வீட்டில் கூடு கட்டி வாழ்வதால் மனையுறை குரீஇ. பிறகு ஊர்க்குருவி, அடைக்கலக் குருவி. இதில் அடைக்கலம் நம் ஆளுக்குச் சுத்தமாகப் பொருந்தாது, அது யாரிடமும் அடைக்கலம் கேட்கிற ரகம் இல்லை. சிட்டு என்பதே சரி. 'சிட்டாகப் பறந்துவிட்டான்' என்கிறோமே, அந்தச் சுறுசுறுப்பு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

முன்னால் என்ன போடுவது என்பதில்தான் சிக்கல். ஒனிக்கு இணையாகத் தமிழில் பேய் என்ற முன்னொட்டு அச்சு அசலாகப் பொருந்துகிறது. பேய்ப்புடல், பேய்ச்சுரை, பேயத்தி, பேய்க்கரும்பு என்று செடிகொடிகளுக்குப் பெயர் வைத்திருக்கிறோம். பேய்மழை, பேய்க்காற்று என்கிறோம். இங்கெல்லாம் பேய் என்பது ஆவி இல்லை. அடங்காதது, காட்டுத்தனமானது, முரடு என்று பொருள். அந்தக் கணக்கில் பேய்ச்சிட்டு எவ்வளவு அழகான பெயர்! எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

ஆனாலும் இந்த விளையாட்டுக்கு அது ஆகாது. போக்கிமானில் பேய் என்று தனியாகவே ஒரு வகை இருக்கிறது. ஸ்பியரோ அந்த வகை இல்லை, அது இயல்பு வகையும் பறக்கும் வகையும் சேர்ந்தது. அதைவிட, இயல்பு வகையின் மேல் பேய்வகைத் தாக்குதல் பலிக்கவே பலிக்காது, இதன் இயல்புவகை அடி பேய்வகை மேல் விழவும் விழாது. பேயோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத ஒரு பறவைக்குப் பேய்ச்சிட்டு என்று பெயர் வைத்தால், புதிதாக ஆடுகிற பிள்ளை முதல் சண்டையிலேயே குழம்பிப்போகும். அரக்கச்சிட்டு என்றால் இந்தக் குழப்பம் வராதுதான், ஆனால் 30 சென்டிமீட்டர் பறவைக்கு அது ரொம்ப ஓவர்.

மரங்கொத்தி, மீன்கொத்தி என்று கொத்துவதை வைத்துப் பெயரிடும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அந்த வழியில் போனால் இதற்கு ஆள்கொத்தி என்று வைக்கலாம். ஆஷிடம் கேட்டால் ஒப்புக்கொள்வான். கேலிப்பெயராக இருக்கட்டும்.

எனவே ஈட்டிச்சிட்டு என்பதே என் தேர்வு. வேற்சிட்டு என்றும் சொல்லலாம், இலக்கணப்படி சரிதான். ஆனால் வேல் என்றதும் மனம் முருகனிடம் போய்விடுகிறது. ஈட்டிக்கு அந்தப் பளு இல்லை. இன்னொரு வசதியும் உண்டு: ஈட்டி, சிட்டு இரண்டிலும் டகரம் இரட்டித்து வருவதால், ஆங்கிலப் பெயரில் இருக்கும் ஒலிப்பொருத்தம் தமிழிலும் ஓரளவு கிடைத்துவிடுகிறது.

ஃபியரோவுக்கு ஈட்டிப்பருந்து என்று வைக்கலாம். ஜப்பானியத்தில் ஒனி இரண்டு பெயரிலும் நிற்பதுபோல, ஈட்டி இரண்டிலும் நிற்கும். உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது என்பது நம் பழமொழி. இங்கே உயரப் பறக்கவே தெரியாத குருவி லெவல் 20-இல் பருந்தாகிவிடுகிறது. ஓய்வெடுக்க இறங்காமலேயே வானில் மிதக்கும் அளவுக்குச் சிறகும் வளர்ந்துவிடுகிறது.

பெயருக்கு அடங்காத ஸ்பியரோ ஒன்றும் உண்டு. தங்கம், வெள்ளிப் பதிப்புகளில் 35-ஆம் வழியின் நுழைவாயிலில் நிற்கும் காவலர், கடிதம் சுமக்கும் ஒரு ஸ்பியரோவை நம் கையில் தந்து, 31-ஆம் வழியில் இருக்கும் தன் நண்பரிடம் சேர்க்கச் சொல்வார். அதன் செல்லப்பெயர் கென்யா. ஊரையே விரட்டுகிற இனத்தில் பிறந்தது, சமர்த்தாகத் தபால் கொண்டு போகிறது.

எழுதும் முறை பற்றி ஒரு வார்த்தை. விளையாட்டுப் பெயராகவே சொல்வதென்றால் ஸ்பியரோ என்று எழுதுங்கள். ஸ்பாரோ என்றால் வெறும் சிட்டுக்குருவி ஆகிவிடும், உள்ளே இருக்கும் ஈட்டி தொலைந்துபோகும். தமிழ்ப்பெயரை இடைவெளி விடாமல், ச் போட்டு ஈட்டிச்சிட்டு என்று ஒரே சொல்லாக எழுத வேண்டும். பன்மை ஈட்டிச்சிட்டுகள். திரண்டு வந்தால் ஈட்டிச்சிட்டுக் கூட்டம்.