நாய்ஸ் என்பது சத்தம் அன்று, இரைச்சல்

வீட்டில் வானொலி கட்டுவோருக்கான தமிழ்க் குறிப்புகளில், ஒலியைப் பெருக்கும் எல்.எம். 386 சில்லைப் பற்றி, 'சத்தத்தைக் குறைக்க ஏழாம் காலில் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை இணைக்கவும்' என்பது போன்ற வரிகள் இப்போது மலிந்துவிட்டன. ரேடியோ சத்தத்தைக் குறை என்றால் நம் வீடுகளில் கை வால்யூம் திருகுக்குத்தான் போகும். இங்கே சொல்ல வந்ததோ 'நாய்ஸ்'. அந்த ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சின் வழியாகக் குமட்டலைக் குறிக்கும் இலத்தீன் 'நாஸியா'விலிருந்து வந்தது என்பர். மின்னணுவியலில் அது, நாம் கேட்க விரும்பும் குறிப்பலையோடு (சிக்னலோடு) வேண்டாமல் கலந்து வரும் எதையும் குறிக்கும்.

'சத்தம்' வடசொல் என்பதற்காக நான் அதை மறுக்கவில்லை; அது இங்கே ஆளைத் தவறான இடத்துக்கு அனுப்புகிறது என்பதே என் குறை. அதே சில்லில் ஒன்றாம் காலுக்கும் எட்டாம் காலுக்கும் இடையிலும் ஒரு 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வருவதுண்டு. அது பெருக்கத்தை 20 மடங்கிலிருந்து 200 மடங்காக்கும். 'சத்தம் அதிகம்' என்று படித்தவர் அதைக் கழற்றுவார். முன்கட்டத்திலிருந்து வரும் இரைச்சல் தணியும்தான். நிலையத்தின் குரலும் அதே அளவில் தணிந்துபோகும். ஏழாம் காலுக்கும் தரைக்கும் இடையில் போட வேண்டிய மின்தேக்கியோ வேறு வேலைக்கானது: மின்வழங்கியின் அலைவு ஒலிக்குள் ஏறாமல் தடுப்பது. தனித்தமிழ் என்று கருதிச் சிலர் எழுதும் 'ஓசை'யிலும் இதே குழப்பம் உண்டு. 'ஒலி மாசு' என்பதும் இங்கே பொருந்தாது; அது லாரி ஹாரனுக்கும் கூம்பு ஒலிபெருக்கிக்கும் உரியது.

'இரைச்சல்' இரைதல் என்னும் வினையிலிருந்து பிறந்தது. கடல் இரைகிறது, காது இரைகிறது என்று சொல்லும்போது பொருள் பிரியாத, விடாத ஒலி என்பது தானே விளங்கும். அகராதியைப் புரட்டிப் புதுச்சொல் கட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் பேச்சில் கிடக்கும் இந்தச் சொல்லைத் தாண்டிப் போவது ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

இரைச்சலின் வகைகளுக்கும் தனிப்பெயர் வேண்டும். 'ஹிஸ்' சீறல்; அதில் தகராறில்லை. 'ஹம்' என்பதற்கு 'ரீங்காரம்' என்று எழுதுவதைத்தான் ஏற்க முடியவில்லை. தேனீயின் ரீங்காரம் 200 ஹெர்ட்ஸுக்கு மேல் நிற்கும், காதுக்கும் இனிது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை முழு அலையாகத் திருத்தி நேர்மின்சாரமாக்கினால் மிஞ்சும் அலைவு 100 ஹெர்ட்ஸ். அது அடித்தொண்டை ஒலி. அதற்கு 'உறுமல்' பொருந்தும். வடிகட்டு மின்தேக்கி உலர்ந்துபோனால் கேட்பது இந்த 100 ஹெர்ட்ஸ் உறுமல். உலோக உறையிடாத வால்யூம் கம்பி மின்மாற்றிக்கு அருகில் ஓடினால் கேட்பது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ். வால்யூமை முழுக்கத் தணித்தும் உறுமல் ஓயாவிட்டால் பழுது வால்யூம் திருகுக்கு அடுத்த கட்டத்தில் அல்லது மின்வழங்கியில். பேட்டரியில் ஓட்டி உறுமல் மறைந்தால் மின்வழங்கியையே முதலில் பார்க்க வேண்டும். 'உறுமல் குறைய' என்று எழுதியிருந்தால் படிப்பவர் நேரே அங்கே போயிருப்பார்.