ஒரு மெகாவாட் மணிக்கு ஒரு சான்றிதழ்

1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலம், தன் எல்லைக்குள் இயங்கிய இரண்டு பெரிய தனியார் மின் நிறுவனங்களுக்கு ஒரு கட்டளை இட்டது. இரண்டும் சேர்ந்து 105 மெகாவாட் திறனுள்ள புதுப்பிக்கத்தக்க மின் உற்பத்தியைத் தாமே அமைக்க வேண்டும், அல்லது பிறரிடம் வாங்க ஒப்பந்தம் செய்ய வேண்டும். இவ்வகைச் சட்டங்களில் இதுவே முதலாவது. நிலையங்களை எண்ணிப் பார்த்தாலே போதும் என்பதால், கட்டளை நிறைவேறியதா என்று சரிபார்ப்பதில் சிக்கல் எதுவும் இல்லை.

பின்னர் வந்த மாநிலங்களில் பெரும்பாலானவை வேறு வழியைத் தேர்ந்தன. ஒரு நிறுவனம் ஓராண்டில் விற்கும் மின்சாரத்தில் இத்தனை விழுக்காடு புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வர வேண்டும் என்றும், அந்த விழுக்காடு ஆண்டுதோறும் உயர வேண்டும் என்றும் அவை விதித்தன. கலிபோர்னியா 2002-இல் 20 விழுக்காட்டை இலக்காக வைத்தது. 2018-இல் இயற்றிய சட்டத்தில் அது 2030-க்குள் 60 விழுக்காடாக உயர்ந்தது. ஹவாய் 2015-இல் ஒரேயடியாக நூறு விழுக்காட்டுக்குச் சென்று, 2045-ஐக் கெடுவாக வைத்தது. நாடு முழுவதற்குமான கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லாததால், ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி விதி எழுதிக்கொண்டது.

விழுக்காடு என்று வந்ததும் எண்ணும் வேலை கடினமாகிவிட்டது. மின் தொகுப்பில் காற்றாலையின் மின்சாரமும் நிலக்கரி நிலையத்தின் மின்சாரமும் கலந்தபின் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய முடியாது. ஆகவே மின்சாரத்தைப் பின்தொடரும் முயற்சியைக் கைவிட்டு, அதன் கணக்கை மட்டும் பின்தொடரும் ஏற்பாடு உருவானது. தகுதிபெற்ற ஒரு நிலையம் ஒரு மெகாவாட் மணி, அதாவது ஆயிரம் யூனிட், உற்பத்தி செய்தால் அதன் பெயரில் ஒரு சான்றிதழ் மின்னணுப் பதிவேட்டில் பிறக்கிறது. மின்சாரம் ஒருவருக்கு விற்கப்படலாம். சான்றிதழ் வேறொருவருக்கு விற்கப்படலாம். ஆண்டு முடிவில் மின் நிறுவனம் தனக்குரிய எண்ணிக்கையில் சான்றிதழ்களை ஒப்படைத்ததும், வேறு எவரும் மறுபடி காட்ட இயலாதபடி அவை செல்லாதவையாக்கப்படுகின்றன. ஆண்டுக்கு ஒரு கோடி மெகாவாட் மணி விற்கும் நிறுவனத்துக்கு 20 விழுக்காடு இலக்கு என்றால், அது 20 லட்சம் சான்றிதழ்களைச் சேர்த்தாக வேண்டும்.

சேர்க்க முடியாவிட்டால், குறையும் ஒவ்வொரு சான்றிதழுக்கும் பணம் கட்ட வேண்டும். மாசசூசெட்ஸில் 2003-இல் விதி நடைமுறைக்கு வந்தபோது இத்தொகை மெகாவாட் மணிக்கு 50 டாலராக இருந்தது. அபராதம்போலத் தோன்றும் இத்தொகைதான், என் பார்வையில், முழு ஏற்பாட்டையும் தாங்கும் அச்சாணி. 50 டாலர் கட்டித் தப்பிக்க முடியும்போது சான்றிதழுக்கு 51 டாலர் கொடுக்க எவரும் முன்வரமாட்டார். ஒரு காற்றாலையின் உற்பத்திச் செலவு 65 டாலர், மின்சாரத்தின் சந்தை விலை 40 டாலர் என்று வைத்துக்கொண்டால், சான்றிதழ் 25 டாலருக்கு விற்றால்தான் ஆலை எழும். தொகையை 20 டாலராகத் தாழ்த்தி வைக்கும் மாநிலத்தில், சட்டத்தில் இலக்கு எவ்வளவு உயரமாக இருந்தாலும், அந்த ஆலை எழாது.

சான்றிதழ் தட்டுப்பாடாக இருக்கும்வரைதான் அதற்கு விலை. நியூ ஜெர்சி சூரிய மின்சாரத்துக்கென்றே தனிப் பங்கு ஒதுக்கியது. 2011-இல் 600 டாலரைத் தாண்டி விற்ற சூரியச் சான்றிதழைப் பார்த்துப் பலரும் தகடுகளைப் பொருத்த, அடுத்த ஆண்டில் அது 100 டாலருக்கும் கீழே சரிந்தது. இலக்கை உயர்த்தச் சட்டமன்றமே தலையிட வேண்டியிருந்தது. டெக்சஸின் கதை வேறு விதமானது. 1999-இல் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆளுநராகக் கையெழுத்திட்ட சட்டம், 2009-க்குள் 2,000 மெகாவாட் புதிய திறன் வேண்டும் என்றது. கெடுவுக்கு முன்பே அந்த அளவு எட்டப்பட்டது. 2005-இல் உயர்த்திய இலக்குகளும் உரிய காலத்துக்கு வெகு முன்னரே கடக்கப்பட்டன. மேற்கு டெக்சஸின் காற்றை நகரங்களுக்குக் கொண்டுசெல்ல மாநிலம் அமைத்த மின்பாதைகளும், காற்றாலைகள் மலிவானதும் கட்டளையைவிட வேகமாக வேலை செய்தன. அங்கே சான்றிதழ் ஏறக்குறைய மதிப்பற்றுப்போனது; 2023-இல் சட்டமன்றம் கட்டாயத்தையே முடிவுக்குக் கொண்டுவர வழிசெய்தது.

எது ‘புதுப்பிக்கத்தக்கது’ என்பதை இயற்பியல் மட்டும் தீர்மானிப்பதில்லை. நீர்மின்சாரம் புதுப்பிக்கத்தக்கதுதான்; ஆனாலும் 30 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்களைக் கலிபோர்னியா பொதுவாகக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஏனெனில் ஏற்கெனவே நிற்கும் அணைகளே இலக்கை நிரப்பிவிட்டால் புதிதாக எதுவும் கட்டப்படாது. பென்சில்வேனியாவோ 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூலங்களை இரண்டு அடுக்குகளாகப் பிரித்து, இரண்டாவதில் நிலக்கரிச் சுரங்கக் கழிவை எரிப்பதற்கும் இடம் தந்தது. பன்றி வளர்ப்பு பெருந்தொழிலாக உள்ள வட கரோலினா, பன்றிக் கழிவிலிருந்து வரும் மின்சாரத்துக்கு 2007-இல் தனிப் பங்கு ஒதுக்கிவிட்டு, அதை நிறைவேற்ற முடியாமல் பலமுறை தள்ளிவைத்தது.

சான்றிதழில் நான் காணும் பெரிய குறை, அது நேரத்தைப் பொருட்படுத்தாததுதான். ஏப்ரல் நண்பகலில் பிறந்த மெகாவாட் மணி, டிசம்பர் இரவின் விற்பனையை ஈடுகட்டுவதாகக் கணக்கில் ஏறுகிறது. கலிபோர்னியாவில் சூரிய நிலையங்கள் பெருகியபின், வெயில் நிறைந்த வசந்தகால நண்பகல்களில் மின்சாரம் தேவைக்கு மிஞ்சி, சில நிலையங்களின் உற்பத்தியைக் குறைக்க வேண்டியதாகிறது. உற்பத்தியாகாத மின்சாரத்துக்குச் சான்றிதழ் இல்லை என்பதால், இலக்கு உயர உயர, நண்பகலின் மிச்சத்தை மாலைக்கு எடுத்துவைக்க வேண்டிய கட்டாயமும் கூடுகிறது. அந்த மாநிலத்தின் ஒழுங்குமுறை ஆணையம் இதற்குச் சான்றிதழை மட்டும் நம்பியிருக்கவில்லை. 2013-இல் மூன்று பெரிய மின் நிறுவனங்களும் 2020-க்குள் 1,325 மெகாவாட் சேமிப்புத் திறனைக் கொள்முதல் செய்ய வேண்டும் என்று, அயோவாவைப் போலவே, மெகாவாட்டில் கணக்கிட்டு அது ஆணையிட்டது.